மூன்று ஏழு

“அவர் என்ர கீயைப் பிடுங்கி எறிஞ்சவர், சுதா. வீட்டுப் பக்கம் வராதை எண்டு வாயால சொன்னது காணாதெண்டு கையாலயும் செய்து காட்டினவர். பிறகு நான் என்னெண்டு அவரோட கதைக்கிறது?”

சுவிஸிலிருந்து குகதாசன் இதைச் சொன்னபோது, உருத்திரபுரத்து வீட்டுக் குசினியில் சுதாஜினி கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். போன் யன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றது. அண்ணன் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. எந்தக் கீ, ஆர் எறிந்தது? ஏழு மாதமாக அவனுக்கும் தகப்பனுக்கும் பேச்சில்லை என்பது தெரியும். அது வெறும் கோபம், தானாக ஆறும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஆறட்டும் என்று விட்டுவைக்க இப்போது நேரமில்லை. தகப்பன் செல்வநாயகத்துக்குப் பாரிசவாதம் வந்து மூன்று கிழமை. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விடும்போது டொக்டர் பிள்ளை ஒருத்தி சுதாஜினியைத் தனியே கூப்பிட்டு இரண்டு விசயம் சொன்னாள். ஒன்று, அவருக்குக் காது கேட்கும், சொல்வது விளங்கும், வீட்டுக்காரர் எல்லாரும் ஓயாமல் கதைத்தால் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரலாம். மற்றது, இப்படி இன்னொரு முறை வந்தால் அவர் தாங்கமாட்டார்.

அதற்குப் பிறகு அவரோடு கதைக்காதவர் இல்லை. வயலுக்குப் போகிறவர்கள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து கதைத்தார்கள். அந்த நாளையில் சங்கக்கடையில் அவருக்குக் கீழே மூட்டை இறக்கிய மாயாண்டி, துணுக்காயிலிருந்து பஸ் ஏறி வந்து அரை நாள் இருந்து கதைத்துவிட்டுப் போனார். பெற்ற மூத்த மகன் மட்டும் ஒரு சொல் கதைக்கவில்லை. போன் எடுத்தால் தாயோடு கதைப்பான், தங்கச்சியோடு கதைப்பான், மருந்து விபரம் எல்லாம் கேட்பான். “அப்பாட்டைக் குடுக்கட்டோ?” என்றால் உடனே அங்கே வேலை வந்துவிடும்.

அந்தக் குடும்பத்து ஆண்களுக்குக் கோபம் பரம்பரை முதுசொமாக வருவது. தகப்பன் உப்புக் குறைவென்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினால் இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சிருக்காது. மகன் அதையே இரண்டு மாதத்துக்கு இழுப்பான். இடையில் கிடந்து அல்லாடுவது பெண்கள். சுதாஜினிக்கு அன்றைக்குப் பொறுமை முடிந்துவிட்டது.

“என்ன கீ, அண்ணை? விளங்கக் கதையுங்கோ.”

“மெசின்ர கீ.”

மெசின் என்று அவர்கள் சொல்வது நடு அறை மேசைக்குக் கீழே இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும் ஒரு பழைய கொம்பியூட்டரை. குகதாசன் நாட்டை விட்டுப் போகுமுன் கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தவன். கழித்து விட்ட பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, லினக்ஸ் போட்டு, அதை வீட்டுச் சேர்வராக்கி வைத்துவிட்டுப் போனான். அதற்குள் இருப்பவை படங்கள். யுத்தத்தில் ஓடி ஓடிக் கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் விட்டுவிட்டு வந்த அல்பங்களுக்குப் பதிலாக, கனடாவிலும் லண்டனிலும் இருந்த சொந்தங்களின் அல்பங்களிலிருந்து கெஞ்சி வாங்கிய படங்கள். ஆரோ ஒருவரின் கலியாண வீட்டில் பந்தியில் இருக்கும் செல்வநாயகம். ஆரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளில் கேக்குக்குப் பின்னால் பாதி முகம் தெரியும் குகதாசனின் தம்பி தயாபரன். வேறு இடத்தில் போட்டு வைப்பது நல்லது என்று சொன்னவர்களுக்குச் செல்வநாயகம் கொடுத்த பதில் ஒன்றுதான்: “எங்கட சனத்தின்ர படம் எங்கட வீட்டில கிடக்கட்டும்.”

குகதாசன் ஊருக்கு வரமுடியாது. அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் லப்டொப்பைத் திறந்து அங்கிருந்தபடியே இந்த மெசினுக்குள் நுழைந்துவிடுவான். புதுப் படம் போடுவான், அதிலிருப்பவர்களின் பெயரைத் தகப்பனிடம் கேட்டு எழுதுவான். பாஸ்வேர்ட் என்றால் எவனும் ஊகித்துவிடலாம் என்று அந்த வழியை அவனே அடைத்துவிட்டிருந்தான். திறப்பு மாதிரி ஒரு கீ மட்டும்தான். அது ஒரு சோடி: ஒரு பாதி அவனுடைய லப்டொப்பில், மற்றப் பாதி மெசினில் அவனுடைய போல்டருக்குள். இரண்டும் பொருந்தினால் உள்ளே விடும். ஒன்றில்லையென்றால் தலைகீழாக நின்றாலும் விடாது. அவனுக்கும் இந்த வீட்டுக்கும் இடையில் இருந்த போக்குவரத்து அதுதான்.

சண்டை வைகாசியில் வந்தது. தயாபரன் அந்த வீட்டின் நடுப்பிள்ளை. யுத்தத்தின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாக வெளியே வந்த இடத்தில், பெயர் பதிய என்று பிரித்து பஸ்ஸில் ஏற்றப்பட்டவன். ஏறும்போது திரும்பித் தாயைப் பார்த்துக் கையைக் காட்டினான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. செல்வநாயகம் ஏறாத கந்தோர் இல்லை, நிற்காத வரிசை இல்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இத்தனை வருடம் பொறுத்திருந்த குகதாசன், இந்த வைகாசியில் அங்கே ஒரு கோயிலில் தம்பியின் பெயரில் ஆத்மசாந்திப் பூசை செய்தான். மெசினிலிருந்து தம்பியின் படத்தை எடுத்து, ‘அமரர் செல்வநாயகம் தயாபரன்’ என்று கீழே எழுதி, நினைவஞ்சலி என்று இன்ரநெற்றில் போட்டான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கனவில் தம்பி வந்து வந்து தண்ணீர் கேட்கிறான், எத்தனை வருடத்துக்கு அவனை அந்தரத்தில் விட்டுவைப்பது என்று தாயிடம் சொல்லி அழுதிருக்கிறான். ஆனால் தகப்பனிடம் கேட்கவில்லை. அயலில் ஒருவர் போனைக் கொண்டுவந்து செல்வநாயகத்திடம் காட்டி, “அண்ணை, சொல்லவே இல்லையே” என்று துக்கம் விசாரித்தார்.

அன்று பின்னேரம் போனில் செல்வநாயகம் கத்தியது ஒழுங்கை முடியும்வரை கேட்டது. “என்ர பிள்ளையைச் சாக்காட்ட நீ ஆரடா? என்ர வீட்டுப் படத்தை எடுத்து என்ர பிள்ளைக்கு அஞ்சலி போடுறியோ? இனி இந்த வீட்டுக்குள்ள காலடி வைக்காதை.” மகனும் சும்மா இருக்கவில்லை. “உங்களுக்கு மட்டுமோ அவன் பிள்ளை? எனக்கும் தம்பிதானே” என்று கத்திவிட்டுப் போனை வைத்தான்.

இவ்வளவும் சுதாஜினிக்குத் தெரியும். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. அதைத்தான் குகதாசன் இப்போது சொன்னான். இரண்டு கிழமை வீறாப்பில் மெசின் பக்கம் போகாமல் இருந்தானாம். பிறகு மனம் கேட்கவில்லை. ஒருநாள் வழக்கம்போல நுழையப் பார்த்தான். வாசல்வரை போக விட்டது. கீயைக் காட்டினான். அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியது. அடுத்த நாளும் அதுதான், அதற்கடுத்த நாளும் அதுதான்.

“சொன்னதைச் செய்திட்டார்,” என்றான் குகதாசன். “காலடி வைக்காதை எண்டவர், என்ர கீயை அழிச்சுப்போட்டார். நான் அதுக்குப் பிறகு முயற்சி செய்யேல்லை. ஆரிட்டையும் சொல்லவும் இல்லை. சொல்லி என்ன?”

சுதாஜினி கையைத் துடைத்தாள்.  அண்ணன் மேல் கோபமா, அப்பா மேல் கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்பா அப்பிடிச் செய்யமாட்டார்,” என்றாள்.

“உனக்கு அவரைத் தெரியாது.”

“எனக்கு அவரைத் தெரியாமலோ நான் இஞ்ச அவருக்குக் கஞ்சி பருக்கிறன்? சரி அண்ணை. நான் போய்ப் பாக்கிறன். உங்கட கீ அங்க இருந்தா, அப்பா அழிக்கேல்லை எண்டு கண்டா, கதைப்பீங்களோ?”

 “இருந்தா எல்லோ,” என்றான் குகதாசன். “பார். இருந்தா இண்டைக்கே கதைக்கிறன்.”

சொல்லிவிட்டாளே தவிர, போனை எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போகும்போது அவளுக்குப் பயம் வந்தது. உண்மையிலேயே அழித்திருந்தால்? கோபத்தில் அப்பா எதையும் செய்யக்கூடியவர் என்பது அவளுக்கும் தெரியும். பார்க்காமல் இருந்தால் ஒரு நம்பிக்கையாவது மிஞ்சும். பார்த்து இல்லையென்றால் அண்ணனின் வாயைத் திறக்க வேறு வழியே இல்லை.

அரிசி ஆலைக் கந்தோரில் கணக்கு எழுதுகிறவள் அவள். கொம்பியூட்டர் பழக்கம்தான், ஆனால் இந்தக் கறுப்புத் திரை வேறு சாமான். திரையைப் போட்டாள். செல்வநாயகம் தன்னுடைய பெயரில் அது எப்போதும் திறந்தே இருக்கும்படி வைத்திருந்தார். கரண்ட் போய் வந்தாலும் அவருடைய பெயரில்தான் திறக்கும். சாய்வுக் கட்டிலில் அவர் மறுபக்கம் பார்த்தபடி படுத்திருந்தார். பக்கத்தில் தாய் கமலாசனி விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?” என்று கேட்டார் தாய்.

“அண்ணையின்ர அலுவல் ஒண்டு, அம்மா.”

குகதாசன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாந் தரம் அவனுடைய போல்டருக்குள் போய், கீ இருக்க வேண்டிய பைலைத் திறந்தாள். திரையில் தலையும் காலும் தெரியாத எழுத்துக் குவியல் ஒன்று வந்து விழுந்தது.

“என்னவோ கிடக்கு அண்ணை. நீட்டுக்கு எழுத்து.”

“கடைசி எழுத்துகளை வாசி.”

வாசித்தாள். அங்கே அவன் தன்னுடைய பாதியை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது கேட்டது. “இன்னொருக்கா வாசி,” என்றான். மறுபடி வாசித்தாள்.

“அதுதான்,” என்றான் குகதாசன். குரல் இறங்கியிருந்தது. “என்ர கீதான். அப்பிடியே கிடக்கு.”

சுதாஜினிக்கு அழுகை வந்துவிட்டது. “நான் சொன்னனானெல்லோ.”

“பொறு, பொறு. கீ இருந்தா ஏன் என்னை விடுதில்லை? வேற ஏதோ செய்திருக்கிறார். கீயை அழிக்கத் தெரியாமல் வேற வழியால அடைச்சிருப்பார்.”

கல்லில் நார் உரிக்கலாம், இவனிடமிருந்து ஒரு நல்ல சொல்லை உரிக்க முடியாது. சுதாஜினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்ப சொல்லுங்கோ, என்ன பாக்க வேணும்?” என்றாள்.

ஏன் மறுக்கிறேன் என்பதை வெளியே நிற்கிறவனுக்கு அந்த மெசின் ஒருநாளும் சொல்லாது. அனுமதி இல்லை என்பதோடு சரி. காரணத்தை உள்ளே லொக் என்ற தன்னுடைய குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கிறவர்கள் பார்த்தால்தான் உண்டு. செல்வநாயகத்தின் குணமும் கிட்டத்தட்ட அதுதான்.

லொக் திரையில் ஓடும்படி வைக்கச் சொன்னான் குகதாசன். “இப்ப நான் வாறன். என்ன எழுதுதெண்டு பார்.” அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவிஸில் அவன் ஒரு பட்டனை அழுத்தியதும் உருத்திரபுரத்துத் திரையில் புது வரி ஒன்று வந்தது. எழுத்துக் கூட்டி இங்கிலிசில் வாசித்தாள். 

“அண்ணை? என்ன சொல்லுது?”

“என்ர போல்டர் கண்டபாட்டுக்குத் திறந்து கிடக்காம். அதால உள்ளுக்கு இருக்கிற கீயை நம்பமாட்டனாம்.”

அவளுக்கு விளங்கவில்லை. அவன் மெல்ல மெல்ல விளக்கினான். ஒருவனுடைய போல்டருக்குள் அவன் மட்டும் எழுதலாம் என்றிருந்தால் அதற்குள் இருக்கும் கீ அவன் வைத்ததுதான். ஆரும் போய் ஆரும் எழுதலாம் என்றிருந்தால், அந்தக் கீயை எவன் கொண்டுவந்து வைத்தானோ, ஆருக்குத் தெரியும்? அதனால் மெசின் எல்லாரையும் சந்தேகப்பட்டு, சொந்தக்காரனையும் சேர்த்து வெளியே நிற்பாட்டிவிடும்.

“ஆர் அதைத் திறந்தது?” என்று கேட்டாள் சுதாஜினி.

“அப்பா அடிச்ச கட்டளை எல்லாம் கிடக்கும். மேல் அம்புக்குறியை அமத்திக்கொண்டு போ. மூண்டு ஏழு வாற வரி ஏதும் இருக்கோ எண்டு பார். எல்லாத்தையும் ஆருக்கும் திறந்துவிடுற கட்டளை அது.”

அவள் அமத்திக்கொண்டே போனாள். தகப்பன் விழுவதற்கு முதல் நாள்வரை அவர் தட்டிய வரிகள் பின்னோக்கி வந்தன. அனேகமானவை ஒரே வரி: மெசினுக்குள் கடைசியாக ஆர் வந்தது என்று பார்க்கும் கட்டளை. அதை அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். அதற்கெல்லாம் முன்னால், மேலே, மூன்று ஏழு வந்தது.

“இருக்கு அண்ணை. ஆனா அதுக்கு முன்னால கன தரம் பிழையா அடிச்சிருக்கிறார். ஒண்டில உங்கட பேரில ஒரு எழுத்தைக் காணேல்லை. இன்னொண்டில இடம் விடேல்லை. இதில ரெண்டு ஏழுதான் கிடக்கு. இதில உங்கட பேரைப் பெரிய எழுத்தில போட்டிருக்கிறார். கடைசியாத்தான் சரியா வந்திருக்கு.”

“எப்ப நடந்தது? அந்தக் கீ பைலில திகதி பாக்கலாம்.” அதற்கும் ஒரு கட்டளை சொன்னான். திகதியை அவள் வாசித்தாள்.

சண்டை நடந்த நாளுக்கு மறுநாள் காலை.

“பாத்தியோ,” என்றான் குகதாசன். “மற்ற நாள் காலமையே அடைச்சுப்போட்டார்.” ஆனால் அந்தக் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. எல்லாவற்றையும் விரியத் திறக்கிற கட்டளையால் ஒருவர் மகனை அடைப்பாரா என்பது அவனுக்கே இடித்தது.

கமலாசனி விசிறியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். மூண்டு ஏழு என்றது காதில் விழுந்திருக்க வேண்டும்.

“அந்த மூண்டு ஏழைப் பற்றியோ கதைக்கிறியள்? அண்டைக்கு விடியக் காலமை எழும்பி வந்து உதுக்கு முன்னால குந்தினவர். தேத்தண்ணி ஆறிப்போச்சு. என்ன செய்யிறியள் எண்டு கேட்டன். ‘கோபத்தில சொல்லிப்போட்டன், கமலா. நான் சொன்னதை நினைச்சுப் பெடியன் வந்து பாத்திட்டு வெளியில நிண்டு திரும்பிப் போகப்படாது. எல்லாத்தையும் திறந்துவிடுறன்’ எண்டவர். மூண்டு ஏழு போட்டா எல்லாம் திறக்கும் எண்டு குகன்தான் காட்டித் தந்தவனாம்.”

 சுதாஜினி போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“நான்தான் காட்டினனான்,” என்றான் குகதாசன். “படம் ஒண்டு திறக்கேல்லை எண்டு ஒருநாள் கரைச்சல் பட்டுக்கொண்டு நிண்டார். விளங்கப்படுத்த நேரமில்லாமல், மூண்டு ஏழைப் போடுங்கோ அப்பா, எல்லாம் திறக்கும் எண்டு சொன்னனான். அது செய்யக்கூடாத வேலை எண்டு எனக்குத் தெரியும். அவருக்கு நான் அதைச் சொல்லேல்லை.”

அவர் ஏன் அதைச் செய்தார் என்று பிள்ளைகள் இருவருக்கும் ஒருவரும் சொல்லத் தேவையில்லை. தொண்ணூற்றாறில் ஊரே எழும்பி ஓடியபோது, அயலவர் எல்லாரும் கதவைச் சாத்தி ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டு ஓடினார்கள். செல்வநாயகம் மட்டும் முன்கதவு, பின்கதவு, அலுமாரி எல்லாவற்றையும் விரியத் திறந்து, காற்றில் அடிபடாமல் கல்லும் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். அவருக்கு விசர் பிடித்துவிட்டது என்று சனம் சொன்னது. திரும்பி வந்து பார்த்தால், பூட்டிய வீடுகளில் கதவு, நிலை, யன்னல் எல்லாம் கோடரியால் கொத்திப் பிளந்து கிடந்தன. இவருடைய வீட்டில் சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனால் கதவுகள் முழுசாக நின்றன. அன்றோடு பூட்டென்றால் அவருக்குப் பிடிக்காது. ஒரு வீடு தப்புவதென்றால் அது திறந்து கிடக்க வேண்டும். அவருடைய அனுபவம் அவ்வளவுதான். மெசினுக்கு அந்த அனுபவம் இல்லை.

“பின்னேரத்தில வந்து வந்து உதைப் பாப்பார்,” என்றார் கமலாசனி. “‘இன்னும் வரேல்லை. அவனுக்குக் கோபம் போகேல்லை’ எண்டு சொல்லிப்போட்டுப் போய்ப் படுப்பார். போன் எடுங்கோவன் எண்டு சொன்னா, ‘திறந்துதானே விட்டிருக்கிறன், வரட்டும்’ எண்டுவார்.”

ஏழு மாதம். ஒருவர் உள்ளே திறந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மற்றவன் வெளியே நின்று, தன்னைத் துரத்திவிட்டார்கள் என்று பொருமியிருக்கிறான். ஒரு போன் எடுத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் அந்த ஒரு கேள்வி தொண்டையில் சிக்கிவிட்டது. சுதாஜினிக்கு இருவரையும் நன்றாக ஏச வேண்டும்போல இருந்தது. ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். மற்றவன் அங்கே அழுகிறான். ஆரை ஏசுவது?

“எப்பிடி இதைச் சரிப்படுத்துறது, சொல்லுங்கோ,” என்றாள்.

குகதாசன் சொன்னான். மூன்று ஏழை எடுத்துவிட்டு, ஒரு ஏழும் இரண்டு சைபரும் போட வேண்டும். கீ பைலுக்கு ஆறும் இரண்டு சைபரும். அப்போது அவன் ஒருவனைத் தவிர வேறு எவரும் தொட முடியாது. பாஸ்வேர்ட் கேட்டது. அப்பாவின் பாஸ்வேர்ட் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் அதையும் அடித்தாள்.

கடைசிப் பட்டனை அமத்துமுன் கை நின்றது. “அவர் திறந்துவிட்டதை நான் பூட்டுறன் போல கிடக்கு, அண்ணை.”

“பூட்டு,” என்றான் குகதாசன். “பூட்டினாத்தான் நான் வரலாம்.”

அமத்தினாள். அவன் மறுமுனையில் முயற்சி செய்தான். லொக்கில் ஒரு வரி ஓடியது. இந்தமுறை அது மறுப்பில்லை; கீயை ஏற்றுக்கொண்டு குகனை உள்ளே விட்டிருக்கிறேன் என்று சொன்னது.  அவனுக்கு அதை வாசித்துக்காட்டத் தேவையிருக்கவில்லை.

“வந்திட்டன்,” என்றான் குகதாசன்.   ஒழுங்கைக்கு அப்பால் ஆரோ வாய்க்காலில் மண்வெட்டி போடும் சத்தம் கேட்டது.

“அப்பா முழிப்போ?”

“முழிப்புத்தான்.”

“குடு,” என்றான். “நான் குகன் வந்திருக்கிறன் எண்டு சொல்லப் போறன். மன்னிப்புக் கேக்கப் போறன். தயாவைப் பற்றி அவரிட்டைக் கேக்காமல் நான் அப்பிடிச் செய்திருக்கக் கூடாது. அதையும் சொல்ல வேணும்.”

சுதாஜினி ஸ்பீக்கரில் போட்டுப் போனைக் கொண்டுபோய்த் தகப்பனின் தலையணையில், விழாத இடப்பக்கமாக வைத்தாள். கமலாசனி அவருடைய முகத்தைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டார். “ஆர் கதைக்கிறதெண்டு கேளுங்கோ,” என்றார்.

“அப்பா,” என்றது போன்.

செல்வநாயகத்தின் கண் அசைந்தது. எங்கோ நின்ற பார்வை திரும்பிப் போனுக்கு வந்தது. இடக்கை பாயைத் தடவிக்கொண்டு அதனிடம் ஊர்ந்தது.

“அப்பா, எனக்கு விளங்கேல்லை அப்பா. நீங்கள் என்னை...” குரல் உடைந்து நின்றுவிட்டது. அழுகையோடு வந்ததால் அது எவருடைய குரல் என்று சொல்லவும் முடியவில்லை.

அவருடைய உதடு துடித்தது. கோணிய வாய் ஒரு சொல்லைத் தேடித் தேடி உழைத்தது. தொண்டையில் ஏதோ உருண்டது. சுதாஜினி குனிந்து பார்த்தாள். மூன்று கிழமையில் முதன்முதலாக அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

“தயா?”

 அண்ணன் ஏழு மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான். அப்பா அவனுடைய பெயரைச் சொல்ல வேண்டும். அவள் தகப்பனின் தோளைத் தொட்டு, “இல்லையப்பா, இது கு...” என்று தொடங்கினாள்.

“ஓம் அப்பா,” என்றது போன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கமலாசனி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“தயாதான் அப்பா,” என்றான் குகதாசன். தம்பி இல்லை என்று படம் போட்டு ஊருலகத்துக்கு அறிவித்தவன் அவன்தான். “தயாதான் கதைக்கிறன்.”

செல்வநாயகத்தின் முகத்தில் விழாமல் இருந்த பாதி சிரித்தது. கை போனைத் தொட்டுவிட்டது. அடுத்த சொல்லுக்கு அவர் நெடுநேரம் பாடுபட்டார். அவசரப்படுத்த ஆருக்கும் மனம் வரவில்லை.

“சா... சாப்பிட்டியோ?”

“ஓம் அப்பா,” என்றான் குகதாசன். “சாப்பிட்டனான்.”